கும்பகோணத்தில் குடியேறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2017-இல் நானும் என் மனைவியும் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும், ரயில் பெட்டியிலும், இரவு ஒன்பது மணிக்குமேல் வரும் தொலைபேசி அழைப்பிலும் ஒரே கேள்விகள்தாம். கேட்பவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெறப் போகிறவர்கள். மீதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் இளையவர்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். இந்த ஊரை நான் மிகவும் நேசிக்கிறேன். அதனால் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணம் என்பது நகரமா, இல்லை பெரிய கிராமமா?

நகரம்தான். 1866-லேயே நகராட்சி ஆன ஊர் இது. 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. இப்போது 48 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய நகராட்சி எல்லைக்குள் சுமார் 1.4 லட்சம் பேர் இருந்தார்கள்.

அளவைக் காலால் சொல்கிறேன். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. பழைய ஊர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஓர் ஆற்றங்கரையிலிருந்து மறு ஆற்றங்கரைக்கு நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். கடைத்தெரு, வங்கி, மருத்துவர், பள்ளி, குளம், நூலகம் எல்லாம் இந்த அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

கோயில்களை இரண்டு நாளில் பார்த்துவிடலாமே? அதற்காக அங்கேயே போய் உட்கார வேண்டுமா?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. சுற்றுலாவாக வந்தால் இரண்டு நாள் போதும். கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, நாகேசுவரர், இராமசாமி, மகாமகக் குளம் என்று காரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிடலாம். இரண்டாம் நாள் மாலையில் எல்லாக் கோபுரங்களும் மனத்தில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும்.

பார்ப்பது வேறு, பக்கத்தில் இருப்பது வேறு. நாகேசுவரர் கோயில் முற்காலச் சோழர் கட்டியது. அதன் கருவறைச் சுவர் மாடங்களில் ஆளுயரத்தை நெருங்கும் ஆண், பெண் உருவங்கள் இருக்கின்றன. அவை தெய்வங்களா, அரச குடும்பத்தாரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயிலில் தெரியும் முகம் மாலையில் தெரிவதில்லை. முதல் ஆண்டு முழுவதும் நான் அங்கே ஒரு சிற்பத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதத்தில் சில நாட்கள் காலைச் சூரியன் நேராக மூலவர்மேல் விழும். அந்த நாட்களில் வெளியூர்க்காரர்கள் முண்டியடிப்பார்கள். நமக்கு அடுத்த ஆண்டும் சித்திரை வரும்.

இராமசாமி கோயிலும் அப்படித்தான். தஞ்சை நாயக்கர் ரகுநாதர் காலத்துக் கோயில் அது. முன்மண்டபத் தூண் ஒவ்வொன்றும் ஒரு காட்சி; சுற்றுப் பிரகாரத்துச் சுவரில் இராமாயணம் ஓவியமாக ஓடுகிறது. சுற்றுலாக்காரர் அதைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுவார். கடைக்குப் போகிற வழியில் நுழைந்து, ஒரு நாளைக்கு ஒரு தூண் என்று பார்க்கிற வசதி இங்கே குடியிருப்பவருக்குத்தான்.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

விடியுமுன் கோயில் மணி, அதையடுத்துப் பால்காரரின் சைக்கிள் மணி. தண்ணீர் ஓடும் மாதங்களில் பகவத் படித்துறையில் குளிக்கப் போகிறவர்கள் தெருவில் நடக்கிற சத்தம் கேட்கும். ஆறரை மணிக்கு வாசலில் கோலம் முடிந்திருக்கும். ஏழு மணிக்கு நான் காய்கறிப் பையோடு கிளம்புவேன். மொத்தமாக வாங்க வேண்டுமானால் தாராசுரம் சந்தை. வாழைத்தண்டும் கீரையும் போதுமென்றால் தெருமுனையிலேயே சுற்று வட்டாரத்துப் பெண்கள் கொண்டுவந்து விற்கிறார்கள்.

பத்து மணிக்குள் வங்கி, அஞ்சலகம், மருந்துக்கடை எல்லாம் முடிந்துவிடும். நண்பகலில் ஊர் சுருங்கிவிடும். கோயில் நடை சாத்திவிடுவார்கள், சிறிய கடைகள் கதவை ஒருக்களித்துவிடும். நாலு மணிக்கு மேல் காபி வாசனையோடு மறுபடி விரியும். மாலையில் மகாமகக் குளக்கரையில் நடப்பவர்கள் ஏராளம். 6 ஏக்கருக்கு மேற்பட்ட குளம், சுற்றிலும் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 16 மண்டபங்கள். நான்கு கரையையும் இரண்டு முறை சுற்றினால் தெரிந்தவர் ஐந்து பேரையாவது சந்திக்கலாம்.

சென்னையில் ஒரு நாளில் மூன்று மணி நேரம் வண்டியில் போயிற்று. அந்த மூன்று மணி நேரமும் இங்கே எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஊரின் கவர்ச்சி எது என்று ஒரே வரியில் கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வேன்.

டிகிரி காபி உண்மையிலேயே வேறா? நெடுஞ்சாலை முழுக்க அந்தப் பெயர்ப் பலகைதானே?

நெடுஞ்சாலைப் பலகைகளை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 'டிகிரி' எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பாலின் தரத்தைப் பால்மானி வைத்து அளந்து, தண்ணீர் கலக்காத பாலை 'டிகிரி பால்' என்றார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. என் நாக்குக்கும் அதுதான் பொருந்துகிறது. அன்று கறந்த பசும்பால், அப்போதைக்கப்போது இறக்கிய டிகாக்‌ஷன், பித்தளை டபரா. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு காபி.

காபியைவிட நான் கடப்பாவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டு, வெள்ளையாகக் கொதிக்கவிடும் குழம்பு. இட்லிக்கும் தோசைக்கும் ஊற்றிக்கொள்வது. தஞ்சாவூர் வட்டாரத்தைத் தாண்டினால் உணவகங்களில் அபூர்வம். இங்கேயும் எல்லா நாளும் போடமாட்டார்கள். எந்தக் கடையில் எந்தக் கிழமை என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். சாப்பிட்டு முடித்தால் கொழுந்து வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரிக்கரை வண்டலில் விளையும் அந்த இலை காரம் குறைந்தது, மெல்லியது. வாயில் போட்டதும் கரைந்துவிடும்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கோயில் நகரத்தில் எனக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. கணிதத்தில் விருப்பமுள்ளவரா? சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வளர்ந்த சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. தெருவைப் பார்த்த சன்னலும், அருகே ஒரு கட்டிலும், பின்னால் கிணறும் அப்படியே இருக்கின்றன. சாஸ்திரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. அவர் படித்த டவுன் உயர்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்து, மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அதை இழந்த அரசுக் கல்லூரி காவிரிக்கரையில் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. 1854-இல் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொன்ன காலம் ஒன்று உண்டு.

வரலாற்றில் விருப்பமுள்ளவரா? இருசக்கர வண்டியில் பதினைந்து நிமிடம் போனால் பழையாறை. சோழர்களின் இன்னொரு தலைநகராக இருந்த ஊர். இன்று வயலும் வாழைத்தோட்டமும். அங்கிருந்து பட்டீசுவரம் பக்கம் திரும்பினால், இராசராசனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு இராசேந்திரன் எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது இறந்தவருக்கான நினைவுக் கோயில். சிற்றன்னைக்கு மகன் கட்டிய கற்கோயில். பெரும்பாலான நாட்களில் நீங்கள் ஒருவர்தாம் அங்கே நின்றுகொண்டிருப்பீர்கள். ஊருக்குள் கோபால் ராவ் நூலகமும் போர்ட்டர் டவுன் ஹாலும் நூற்றாண்டைத் தாண்டிய பொது வாழ்வைச் சொல்லும். 1899-இல் தனி மறைமாவட்டமானதால் இங்கே கத்தோலிக்கப் பேராலயமும் உண்டு. பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் தெருக்களும் உண்டு.

ஆறு மாதத்தில் அலுத்துவிடாதா?

உட்கார்ந்த இடத்தில் பொழுதுபோக்குத் தேடுபவருக்கு அலுக்கும். திரையரங்குகள் இருக்கின்றன, பெருநகர வணிக வளாகம் போன்ற இடங்கள் குறைவு. அது இல்லாமல் முடியாது என்றால் வர வேண்டாம் என்றே சொல்வேன்.

கைவேலையில் ஆர்வமிருந்தால் இந்த ஊர் வற்றாது. சுற்றிலும் பத்துக் கிலோமீட்டருக்குள் தொழிலுக்கு ஓர் ஊர். சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், திருபுவனத்தில் பட்டு நெசவு, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, ஊருக்குள் பாத்திரப் பட்டறைகள். சுவாமிமலையில் ஒரு பட்டறைக்கு நான் எட்டு ஆண்டுகளாகப் போகிறேன். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். அந்தக் காலி இடத்தில்தான் உருக்கிய உலோகம் போகிறது. ஆறியதும் மண்ணை உடைத்துவிடுவதால், அதே அச்சில் இரண்டாவது சிலை பிறக்காது. ஆற்று மண் மென்மையாக இருப்பதால்தான் விரல்நகம் வரை வார்ப்பில் ஏறுகிறது என்று அங்குள்ள பெரியவர் சொன்னார். ஆறு, மண், தொழில், கோயில் நான்கும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது அன்று எனக்கு விளங்கியது.

காவிரியில் தண்ணீர் ஓடுமா?

ஆண்டு முழுவதும் ஓடாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். திறந்த தண்ணீர் கல்லணை வந்து, பங்கு பிரிந்து, இங்கே எட்டச் சில நாட்கள் ஆகும். அணையில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் திறப்பே தள்ளிப்போகும். பிப்ரவரியிலிருந்து மே வரை ஆறு மணல்தான். அந்த மாதங்களில் அதில் குப்பை தெரிவதைப் பார்க்க மனம் கனக்கிறது.

ஆனால் புதுத்தண்ணீர் வருகிற நாளைப் பார்க்க வேண்டும். நுரையும் சருகுமாக ஒரு மெல்லிய நாக்கு மணலை நனைத்துக்கொண்டு வரும். பாலத்தில் வண்டிகள் நின்றுவிடும். கைகூப்பாதவர் குறைவு. ஆடிப்பெருக்கன்று சக்கரப் படித்துறையில் கால்வைக்க இடம் இருக்காது. காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் ஆற்றுக்குப் படைப்பார்கள். நம்பிக்கை இல்லாத நண்பர் ஒருவர் அன்று என்னோடு வந்து, இரண்டு மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வெயிலும் கொசுவும் தாங்குமா?

வெயில் சென்னையைப்போலத்தான், கடற்காற்று இல்லாததால் மே மாதம் இன்னும் கடுமை. கொசு அதிகம். குளமும் வாய்க்காலும் சாக்கடையும் நெருங்கிய ஊர் இது. ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. சன்னலுக்கெல்லாம் கொசுவலை அடிக்காமல் குடிபுக வேண்டாம்.

சென்னைக்கு அடிக்கடி வந்துபோக முடியுமா?

முடியும். மயிலாடுதுறை வழியாகப் போகும் மெயின் லைனில் கும்பகோணம் இருக்கிறது. எழும்பூரிலிருந்து உழவன் விரைவு ரயிலில் இரவு ஏறினால் விடிகாலையில் இறங்கலாம். பகல் ரயில்களும் உண்டு. சுமார் ஆறு மணி நேரம். பண்டிகை நாட்களுக்கு முன்பதிவு தொடங்கிய அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள். பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத் தலைமையகமே இங்கேதான். விமானத்துக்குத் திருச்சி போக வேண்டும், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

வயதான அம்மாவை அழைத்துவர நினைக்கிறேன். உடம்புக்கு முடியாவிட்டால்?

காய்ச்சல், சர்க்கரை, எலும்பு, கண், பிரசவம் வரை ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். அரசுத் தலைமை மருத்துவமனையும் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பெரிய அறுவைச் சிகிச்சை, தொடர் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் 40 கிலோமீட்டரில் தஞ்சாவூர், அல்லது திருச்சி. அந்த 40 கிலோமீட்டரைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். என் மாமியாருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோது அது எனக்கு மிக நீண்ட சாலையாக இருந்தது. மாதாமாதம் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

மற்றபடி முதியவர்களுக்கு இவ்வளவு பொருந்தும் ஊரை நான் பார்த்ததில்லை. அம்மா தனியாகக் கோயிலுக்கு நடந்துபோய், நாலு பேரோடு பேசிவிட்டு, பூ வாங்கிக்கொண்டு தானே திரும்பி வர முடியும். சென்னையில் மூன்றாம் மாடியில் அடைந்து கிடந்த என் மாமியார் இங்கே வந்தபின் ஒரு நாளைக்கு இருமுறை வெளியே போனார்.

பிள்ளைகளின் படிப்பு?

பள்ளிக்கும் கலைக் கல்லூரிக்கும் குறையில்லை. அரசுக் கவின்கலைக் கல்லூரியும் இங்கே உண்டு. ஓவியத்திலோ சிற்பத்திலோ நாட்டமுள்ள பிள்ளைக்குச் சுவாமிமலைக்குப் பக்கத்தில் படிப்பது பெரிய வரம். பொறியியல், மருத்துவம் என்றால் தஞ்சாவூர், திருச்சி.

பள்ளி பார்க்கும்போது மாடிப்படி எத்தனை, வெளியேறும் வழி எத்தனை, கூரை எது என்று கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருவில் ஒரு பள்ளியில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெற்றோர் அங்கே விளக்கேற்றுகிறார்கள். இந்த ஊரில் குடியிருக்க வருபவர் கோபுரங்களின் வரலாற்றோடு இதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் கேள்விகளைக் கேட்டால் இங்கே யாரும் உங்களைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

அங்கே வேலை கிடைக்குமா?

மென்பொருள் வேலையைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான். வேலையோடு வருகிறவருக்கே ஊர் ஏற்றது. 1904-இல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் இங்கே இருக்கிறது. போக்குவரத்துக் கழகம், பாத்திரம், பட்டு, நெல் வணிகம், திருமண மண்டபம், விடுதி ஆகியவைதாம் ஊரின் வருமானம். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால், குடிபுகும் தெருவில் கண்ணாடியிழை இணையம் வந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முற்றம் வைத்த பழைய வீடு வாங்கலாமா?

ஆசை நல்லது. திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றம், கூடம், கொல்லை, கிணறு என்று தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீண்ட வீடுகள் இவை. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுக்காரரோடு பொதுச்சுவர். மே மாதத்திலும் கூடத்தில் விசிறி போதும். அந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நான் அடிமை.

ஆனால் பராமரிப்புத் தெரியாமல் இறங்காதீர்கள். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. ஈரத்தை உள்வாங்கி, வெளியே விட்டு, மூச்சுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. 'சிமென்ட்தான் நிற்கும்' என்று ஒருவர் உறுதியாகச் சொன்னதை நம்பி, ரேழி முழுவதும் பூசவிட்டேன். இரண்டாவது ஐப்பசி மழையில் பாளம் பாளமாக விழுந்தது, கூடவே பழைய செங்கல்லின் முகமும் பெயர்ந்தது. அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீட்டைப் பார்க்கும் முன் கொத்தனாரைப் பார்த்து வையுங்கள். ஓடு மாற்றவும் சுவரில் கைவைக்கவும் அண்டை வீட்டார் சம்மதமும் வேண்டும். பொதுச்சுவர் என்று மேலே சொன்னேன் அல்லவா?

விலை மிகவும் குறைவாக இருக்கிறது. 'அடிமனை கோயிலுடையது, அதனால் என்ன' என்கிறார்கள். வாங்கலாமா?

நிறுத்துங்கள். இந்த ஊரில் பல தெருக்களின் மனைகள் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். வீட்டுக்காரருக்குக் கட்டடம் மட்டுமே உரிமை. மண்ணுக்கு அடிமனை வாடகை செலுத்திவருவார். அவர் விற்பது சுவரையும் ஓட்டையும்தான், நிலத்தை அல்ல. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 34-ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வாடகை உயர்வும் பழைய பாக்கியும் உங்கள் தலையில் விழும்.

ஆகவே வில்லங்கச் சான்றிதழோடு நிற்காமல், அந்தப் புல எண் கோயில் பெயரில் இருக்கிறதா என்பதைப் பட்டாவிலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் பாருங்கள். கோயில் செயல் அலுவலர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காத வீடுகளும் நிறைய; டில்லியில் ஒரு பங்காளி, அமெரிக்காவில் ஒரு பங்காளி என்று இருப்பார்கள். எல்லோரும் கையெழுத்திட்டால்தான் அது விற்பனை. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மூலப்பத்திரம் முழுவதையும் படித்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தாராசுரம் கோயிலுக்கு எதிரிலேயே மனை கிடைக்கிறது. மாடி வீடு கட்டலாம் என்கிறார் தரகர்.

இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை; அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட முடியும். தரகர் சொல்வதை நம்பாமல் மனையிலிருந்து கோயில் எல்லைக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கட்ட முடியாதே என்று வருந்தவும் வேண்டாம். அறுபத்துமூவர் கதைகள் ஒரு சாண் உயரச் சிற்பங்களாக ஓடும் அந்தச் சுவரின்மேல் மாலை வெயில் தடையில்லாமல் விழுவது இந்தச் சட்டத்தால்தான்.

நிம்மதியாக, அமைதியாக இருக்கலாம் இல்லையா?

அமைதி வேண்டுமென்றால் கிராமத்துக்குப் போங்கள். இங்கே முகூர்த்த நாளில் விடிகாலை நாலரைக்கு நாகசுரம் ஒலிபெருக்கியில் வரும். வார இறுதியில் நவக்கிரகத் தலங்களுக்குப் போகும் வேன்கள் தெருக்களை அடைத்துக்கொள்ளும். கார் நிறுத்த இடமில்லாத தெருக்களே அதிகம். எங்கள் கார் அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு நண்பரின் கொல்லையில் நிற்கிறது.

திருவிழா என்றால் இன்னும் கூடும். அட்சய திருதியை அன்று பெரிய தெருவில் 12 பெருமாள்கள் கருட வாகனத்தில் வரிசையாக நிற்பார்கள். சாரங்கபாணி சித்திரைத் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அது நகரும்போது வீட்டுச் சுவர் அதிர்வதைக் கையால் தொட்டு உணரலாம். சத்தம் தொல்லைதான். அந்தச் சத்தம் எதற்காக என்று தெரிந்துகொண்டபின் அது எனக்குத் தொல்லையாக இருப்பது குறைந்தது.

வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? வீடு கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்கிறார்களாமே?

கேட்பார்கள். சொந்த ஊர், வேலை, பிள்ளைகள், சம்பளம் வரை கேட்பார்கள். அதில் பெரும்பகுதி அக்கறை, பழகினால் தெரியும். ஆனால் கோயிலை ஒட்டிய சில தெருக்களில் சாதியையும் சாப்பாட்டையும் கேட்டு வீடு மறுப்பது இன்றும் நடக்கிறது. என் நண்பர் ஒருவர் மூன்று வீடுகளில் அப்படித் திரும்பினார். இதை மறைத்து ஊரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அவர் செட்டிமண்டபம் பக்கம் புது வீட்டில் குடியேறினார். இன்று அந்தத் தெருவில் பொங்கல் விழாவை நடத்துபவரே அவர்தாம். ஊரைச் சுற்றிய புதுக் குடியிருப்புகளில் இந்தக் கேள்விகள் குறைவு. அங்கே வாகன வசதியும் உண்டு. ஆனால் முதலில் சொன்ன அந்த அரை மணி நேர நடை அங்கிருந்து கிடைக்காது. எது முக்கியம் என்பதை நீங்கள்தாம் எடைபோட வேண்டும்.

2028-இல் மகாமகம் வருகிறதே. அதற்கு முன் வரலாமா, பின் வரலாமா?

குரு சிம்ம ராசிக்கு வரும் மாசி மகத்தன்று, ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவது மகாமகம். கடைசியாக 2016-இல் நடந்தது. அந்த நாட்களில் ஊரின் மக்கள்தொகையைப்போலப் பல மடங்கு பேர் ஒரே குளத்தை நோக்கி வருவார்கள். 1992-இல் நெரிசலில் சுமார் ஐம்பது உயிர்கள் போயின. அதன்பின் காவல் ஏற்பாடுகள் வெகுவாக மாறின. மகாமகத்துக்கு முந்தைய ஓராண்டில் சாலை, சாக்கடை, படித்துறை, கோயில் திருப்பணி எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். வீட்டு வாடகையும் ஏறும். கொத்தனார் கிடைக்கமாட்டார்.

வசதி பார்ப்பவர் 2028 கோடைக்குப்பின் வரட்டும். என்னைக் கேட்டால் முன்னால் வாருங்கள் என்பேன். விழா நாளில் குளத்துக்குப் போக வேண்டியதில்லை. கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு குளத்துத் தண்ணீரை இறைத்துத் தூர் எடுப்பார்கள். அப்போது நடுவில் 20 தீர்த்தக் கிணறுகளும் வெளியே தெரியும். 2016-இல் நான் சென்னையிலிருந்து தாமதமாக வந்ததால் அதைப் பார்க்கவில்லை. இந்த முறை கீழ்க்கரைப் படியில் எனக்குப் பக்கத்தில் உங்களுக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.